தறியும் இசைத்தட்டும்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் பாட்டை நான் கேட்டதில்லை. இதைப் படிப்பவர்களில் யாரும் கேட்டிருக்க முடியாது. 1889-இல் பிறந்து 1934-இல் இறந்தவர் அவர். அவர் காலத்தில் இசைத்தட்டு இருந்தது, தட்டு போடுகிற கம்பெனிகள் இருந்தன, வாங்குகிறவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அவர் குரல் எந்தத் தட்டிலும் நமக்கு வந்து சேரவில்லை. அவர் இதே ஊரில் நடத்திவந்த தியாகராஜ உற்சவத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த சிறுமி ஒருத்தி, டி. கே. பட்டம்மாள் (1919-2009), இன்று யார் கைபேசியைத் தட்டினாலும் பாடுகிறார். ஒரே ஊர், ஒரே பந்தல், இருவருக்கும் வயதில் முப்பது வருஷ இடைவெளி. ஒருவர் பெயராக மட்டும் இருக்கிறார். இன்னொருவர் குரலாக இருக்கிறார். இதற்கும் இருவரில் யார் பெரியவர் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் என் அக்கறை.

ஜனரஞ்சகக் கலைகளில் நாளுக்கு நாள் நாலைந்து பேர் மட்டுமே முழு இடத்தையும் அடைத்துக்கொள்கிறார்கள் என்ற புலம்பல் நம் வட்டத்தில் புதிதல்ல. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. திறமை உள்ளவன் ஜெயிக்கிறான் என்பது ஒன்று. வணிகப் பத்திரிகைகளுக்குப் பிடித்தமானது இது. ஸ்தாபனங்களும் சபாக்களும் சேர்ந்து செய்யும் சதி என்பது இன்னொன்று. நமக்குப் பிடித்தமானது இது. இரண்டுமே யோசிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்துகின்றன. திறமைக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள், சதிகாரர்களும் அப்படியே. அப்படியிருக்க, ஒரு காலத்தில் நூறு பேருக்கு இடம் இருந்தது, இன்னொரு காலத்தில் பத்துப் பேருக்குத்தான் இருந்தது என்பதற்கு இந்த இரண்டிலும் விளக்கம் இல்லை.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். தனகோடி நாயனாப் பிள்ளையின் சிற்றன்னை முறை. தாயார் காமாட்சியும் பாட்டுக்காரர்தான். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது வெறும் அடையாளத்துக்காக அல்ல என்று நினைக்கிறேன். ஒரு கலைஞரின் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கும் அது ஒரு கணக்கு. காஞ்சிபுரத்துக்குக் காஞ்சிபுரத்துக்காரர், சேலத்துக்குச் சேலத்துக்காரர். மாட்டு வண்டியும் ரயிலும் போகிற தூரம்வரை ஒரு பெயர் போகும். அதற்கு அப்பால் இன்னொரு ஊரின் பெயர் ஆரம்பிக்கும். பிற்பாடு என்ன ஆயிற்று பாருங்கள். எம். எஸ். என்பதில் மதுரை ஒரே எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. டி. கே. பட்டம்மாளின் முதலெழுத்து, காஞ்சிக்கு மேற்கே வேலூர் சாலையில் இருக்கும் தாமல். தாமல் என்று ஓர் ஊர் உண்டு என்பதே அவருடைய ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர் எழுத்தானது பெயர் வைக்கும் நாகரிகத்தில் வந்த மாற்றம் மட்டுமல்ல. குரல் ஊரைவிட்டு இறங்கிவிட்டதன் தடயம்.

இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் மார்ஷல் என்ற பொருளாதார நிபுணர் 1890-இல் வெளியிட்ட தம் பெரிய நூலில், பின்வந்த பதிப்புகளிலும் மாற்றாமல், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வியாபாரிகளும் வக்கீல்களும் முன்னைவிடப் பெரும் பணம் சேர்ப்பது ஏன் என்று விளக்கிவிட்டு, பாடகர்களுக்கு மட்டும் அது நடக்காது என்கிறார். மனிதக் குரல் எட்டக்கூடிய ஆட்களின் தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பது அவர் வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஸஸ் பில்லிங்டன் என்ற பாடகி ஒரே பருவத்தில் 10,000 பவுன் சம்பாதித்ததாகச் சொல்வார்கள். அதை யாரும் பெரிதாகத் தாண்டிவிட முடியாது என்று மார்ஷல் எண்ணினார். பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்டது 1887-இல். மூன்று வருஷம் முன்பே வந்துவிட்ட ஒரு பொருளை மார்ஷல் கணக்கில் சேர்க்கவில்லை. நாமும் அதை எளிதாகச் சேர்ப்பதில்லை.

1981-இல் ஷெர்வின் ரோஸன் என்ற அமெரிக்கர் மார்ஷலின் இந்தப் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு 'சூப்பர் ஸ்டார்'களின் பொருளாதாரம் பற்றி எழுதினார். ஒரு பாட்டை ஆயிரம் பேருக்குப் பாடும் செலவுதான் பத்து லட்சம் பேருக்கும் என்று ஆகிவிட்டால், இரண்டாந்தரப் பாடகனை எதற்குக் கேட்க வேண்டும்? முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் திறமையில் இருப்பது நூலிழை வித்தியாசம்; வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். வாதம் சரியானது. ஆனால் நம் சரித்திரத்தோடு பொருத்திப் பார்த்தால் ஓரிடத்தில் இடிக்கிறது.

இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த முதல் இருபத்தைந்து வருஷங்களில் பாடகர்கள் குறையவில்லை; கூடினார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கோஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்ததில் ஆரம்பித்து, கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் கிடைத்தவர்களையெல்லாம் குழாய்க்கு முன்னால் நிறுத்தினார்கள். எது விற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. சேலம் கோதாவரியும் கோயமுத்தூர் தாயியும் பாடினார்கள். நாடகக்காரர்கள், நாகஸ்வரக்காரர்கள், ஹாஸ்யம் பேசுகிறவர்கள்கூட வந்தார்கள். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தபின் விலை குறைந்து வகை பெருகிற்று. அப்படியானால், இயந்திரம் வந்ததும் நாலு பேர் மிஞ்சினார்கள் என்று சொல்வது அவசரம்.

தட்டு வேறொரு சல்லடையையும் கொண்டுவந்தது. ஒரு பக்கம் ஓடுவது மூன்று நான்கு நிமிஷம். நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். நீதிமன்றத்தில் நீதிபதிகள் அத்தனை பேரும் சேர்ந்து உட்காருவதைப் போல வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே பக்கத்தில் இருக்கும். லய நுட்பம் நிறைந்த பல்லவிதான் அவருடைய கோட்டை. அதை மூன்று நிமிஷத்தில் எங்கே அடைப்பது? பாடகனின் தரத்தைத் தட்டு சோதிக்கவில்லை, தட்டின் அளவுக்குள் அடங்குகிறவனைத் தேர்ந்தெடுத்தது. பட்டம்மாளும் பல்லவிக்காரர்தான், பெண்கள் மேடையில் பல்லவி பாடும் வழக்கம் இல்லாதபோது பாடி 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் எடுத்தவர். ஆனால் ஜனங்களுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பல்லவி அல்ல. தட்டில் வந்த சின்னப் பாட்டுகளும் சினிமாவில் வந்த பாரதி பாடல்களும்தான்.

இந்த ஊரில் குடியிருப்பவனுக்குத் தறிச் சத்தம் ஒரு வசதி. யோசிக்கும்போது கூடவே ஓடிக்கொண்டிருக்கும். இசைத்தட்டைப் பற்றி எனக்கு ஏதாவது புரிந்திருக்கிறது என்றால் அது தறியிலிருந்துதான்.

பழைய காஞ்சிபுரம் தறியில் 'அடை' கட்டுவார்கள். எந்த இழை எப்போது தூக்கப்பட வேண்டும் என்பதை நூலில் முடிச்சுப் போட்டு வைக்கும் ஏற்பாடு அது. அன்னமும் யாளியும் மல்லிமொக்கும் அந்த முடிச்சுகளில் இருக்கும். பின்னால் ஜக்கார்டு வந்தது. முடிச்சுக்குப் பதில் ஓட்டை போட்ட அட்டை. ஓர் அட்டைக் கட்டைப் பார்த்து இன்னொரு கட்டு அடித்துவிடலாம். பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஓடும் கரையை ஐயம்பேட்டையிலும் ஓட்டலாம். எனவே இங்கும் பிரதி எடுப்பது நடக்கிறது. ஆனால் பிரதியாவது டிசைன் மட்டும்தான், சேலை அல்ல. ஒவ்வொரு சேலைக்கும் ஒருவர் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து மறுபடி முதல் இழையிலிருந்து நெய்தாக வேண்டும். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும், பெரும்பாலும் ஒரு பையன். (மிருதங்கக்காரர்களும் 'கோர்வை' என்றுதான் சொல்கிறார்கள். சொல் ஒன்றானது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை.) டிசைன் பெருகப் பெருக நெய்கிறவர்களும் பெருகினார்கள்.

ஆக, பிரதியில் இரண்டு வகை. கை தேவைப்படும் பிரதி ஒன்று, கை தேவைப்படாத பிரதி மற்றொன்று. குருவிடம் பாடம் கேட்பது முதல் வகை. சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் ஸ்வரப்படுத்தி அச்சேற்றிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யும் முதல் வகைதான். அச்சு என்பதால் அது இயந்திரம் என்று தோன்றும். ஆனால் அந்தப் புத்தகம் அட்டைக் கட்டு மாதிரி. யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் ஒழிய அதில் பாட்டு இல்லை. இசைத்தட்டு இரண்டாவது வகை. அது டிசைனைப் பிரதி செய்யவில்லை; நெய்து முடித்த சேலையையே பிரதி செய்கிறது. முதல் வகைப் பிரதி பெருகினால் கலைஞர்கள் பெருகுவார்கள். இரண்டாவது பெருகினால் கலைஞர்கள் பெருகத் தேவையில்லை.

முதல் வகையில் இன்னொரு விசேஷம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாயனாப் பிள்ளையிடம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடம் கேட்டார். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிக்கு வந்து பாடம் கேட்டார்கள். இவர்கள் பாட்டுக்குப் பதிவுகள் உண்டு. கேட்டுப் பாருங்கள். சித்தூராரிடம் லயக் கட்டும் கம்பீரமும் முன்னால் நிற்கும். பிருந்தாவிடம் ஒவ்வொரு ஸ்வரமும் மெழுகில் இழைத்தது போல் வளையும்; பாட்டியின் வீட்டு வாசனை அது. ஒரே மூலத்தின் இரண்டு பிரதிகள் இவை என்று காதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. மூலம் பக்கத்தில் இல்லாதபோது பிரதி பிசகும். அந்தப் பிசகைத்தான் நாம் 'பாணி' என்கிறோம். நாயனாப் பிள்ளையின் குரல் தட்டில் இருந்திருந்தால் அவர் சிஷ்யர்கள் இவ்வளவு விலகிப் போயிருப்பார்களா? போக விட்டிருப்போமா?

சரி, முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு நடக்காதது பிறகு எப்படி நடந்தது? தட்டு வாங்குகிறவன் தனக்கு வேண்டியதை வாங்கினான். அந்த மட்டுக்கும் பலருக்கு இடம் இருந்தது. 1931-க்குப் பிறகு பேசும் படம் வந்தது, 1938-இல் சென்னையிலும் மறு வருஷம் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன, கூடவே ஒலிபெருக்கி. இவை தனியாளின் தேர்வுக்கு உட்பட்டவை அல்ல. ஊரே ஒரே நேரத்தில் ஒன்றைக் கேட்டது. 'நந்தனார்' படத்துக்குக் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்று 1935-இல் பேசிக்கொண்டது தமிழ்நாடு. ஒன்பது வருஷம் கழித்து பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி பார்த்தது. அப்போதும் ஒரு தடை மிச்சம் இருந்தது. நடிக்கிறவன் பாட வேண்டும், பாடுகிறவன் நடிக்க வேண்டும். முகமும் தொண்டையும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டியிருந்ததால், இத்தனை கதாநாயகர்களுக்கு இத்தனை குரல்கள் என்று ஒரு கணக்கு இருந்தது.

ஏவி. மெய்யப்பன் இசைத்தட்டுக் கடையிலிருந்து படத்துக்கு வந்தவர். குரலை ஆளிடமிருந்து கழற்றலாம் என்பது இசைத்தட்டுக்காரருக்குத்தானே முதலில் தோன்றும்? 1938-இல் அவர் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலா ஆட, பாரதியைப் பாடியது பட்டம்மாள். காஞ்சிபுரத்துக் குரல் வேறோர் உடம்பில் ஏறி ஆடியது. அதன்பின் தடை முழுக்க விலகிவிட்டது. எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ்., சிவாஜிக்கும் டி.எம்.எஸ். ரசிகர்கள் இந்த இரண்டு நடிகர்களுக்காகத் தெருவில் மண்டையை உடைத்துக்கொண்டபோது இரண்டு பக்கமும் ஒலித்தது ஒரே தொண்டை. பி. சுசீலா தனியாகவும் ஜோடியாகவும் குழுவோடும் பாடிப் பதிவான பாடல்கள் 17,695 என்று 2016-இல் கின்னஸ் புத்தகம் கணக்குச் சொன்னது. அவர் பாடியதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணைத் திருப்பிப் படிக்கலாம். நாடகக் கொட்டகைக் காலமாக இருந்திருந்தால் அத்தனை பாட்டையும் பாடியாக எத்தனை பெண்கள் வேண்டியிருந்திருக்கும்?

இந்த ஊர்க்காரர் இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். அரசியல் பேசுவதற்காக அல்ல. சி. என். அண்ணாதுரை நாடகம் எழுதியவர், நடித்தவர். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக அவரே வேஷம் கட்டினார். சிவாஜியாக நடித்த வி. சி. கணேசன் அந்தப் பெயரோடு போனவர்தான், திரும்பவில்லை. நாடகப் பிரதி என்பது அட்டைக் கட்டு. எந்த ஊர்க் கிளைக்காரனும் அதை வாங்கி, பாடம் பண்ணி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் போட்டுவிடலாம். ஒவ்வோர் ஊரிலும் வசனம் பேசத் தெரிந்த பத்துப் பேரை அது உண்டாக்கும். 'வேலைக்காரி' 1949-இல் படமானது. படத்துக்கு அந்தப் பத்துப் பேர் வேண்டியதில்லை. அவர்கள் டிக்கெட் வாங்கினால் போதும். அந்த இயக்கம் பின்னாட்களில் எப்படி ஒரு சில முகங்களில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆயிரம் விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மேடை திரையானதையும் அந்த விளக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கி பற்றி. வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். யார் முதலில் வாய் திறப்பது என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம். இதற்கிடையில் விடியற்காலையில் ஊர் முழுக்க வாய் திறக்கும் உரிமையை, எந்த வழக்கும் இல்லாமல், 1963-இல் வந்த ஓர் இசைத்தட்டு எடுத்துக்கொண்டது. வேங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவர் என்று சொல்லப்படும் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் காஞ்சியைச் சேர்ந்தவர். அத்திகிரிநாதர் என்பது அவர் பெயர். அவர் செய்தது திருமலையில் ஒருவர் நின்று சொல்வதற்கான சுலோகம். எம். எஸ். குரலில் அது கோயில், டீக்கடை, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. இன்று அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் முன்னைவிட அதிகம், உண்மைதான். ஆனால் சொல்லும்போது எல்லோரும் எம். எஸ். இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்துகிறார்கள். மூலம் காதை விட்டுப் போகவே இல்லை, பிசகுவதற்கு இடமில்லை.

எதிர்த்திசையில் ஓடியவற்றையும் சொல்லாவிட்டால் நான் சதிக் கதைக்காரர்களோடு சேர்ந்துவிடுவேன். வானொலி கலைஞர்களைத் தரம் பிரித்து, கூப்பிட்டு, பணம் கொடுத்தது. உச்சத்தில் இல்லாத, ஆனால் வித்தை தெரிந்த நாகஸ்வரக்காரர்களும் வாய்ப்பாட்டுக்காரர்களும் அந்தச் சிறு தொகையிலும், 'வானொலி புகழ்' என்று நோட்டீஸில் போட்டுக்கொள்ளும் பெருமையிலும் காலம் தள்ளினார்கள். சர்க்காரின் சோம்பல் சில சமயம் கலைக்கு நல்லது. பிறகு கேஸெட். 1993-இல் பீட்டர் மானுவல் வட இந்தியா பற்றி எழுதிய புத்தகம், கேஸெட் வந்ததும் பெரிய கம்பெனியின் பிடி தளர்ந்து வட்டாரப் பாட்டுகள் கிளம்பியதைக் காட்டுகிறது. இங்கேயும் ஆடி மாதத்து அம்மன் பாட்டுகளும் கூத்துப் பதிவுகளும் கேஸெட்டில் வந்தன. பதிவு செய்யும் செலவு குறைந்தால் பலர் வருவார்கள் என்பதற்கு இது சாட்சி.

அந்தச் செலவு இன்று ஏறக்குறைய சூன்யம். யாரும் பாடலாம், யாரும் உலகுக்கு அனுப்பலாம். அப்படியும் நாலு பேர்தான். ஏன்? மோஷே அட்லர் என்பவர் 1985-இல் ஒரு காரணம் சொன்னார்: ரசனை தனியாக நடக்கும் காரியம் அல்ல. ஒரு பாடகனைப் பற்றி இன்னொருவரோடு பேச வேண்டும். பேச வேண்டுமானால் அவருக்கும் அந்தப் பாடகன் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கனவே பலருக்குத் தெரிந்தவனைக் கேட்பதில்தான் லாபம். 2006-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். யாரும் கேள்விப்படாத 48 பாட்டுகள், ஏறத்தாழ 14,000 பேர். மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் கேட்டவர்களிடம் விருப்பம் பரவலாக இருந்தது. மற்றவர்களின் எண்ணிக்கையைக் காட்டியதும் சில பாட்டுகள் மேலே பாய்ந்தன, மற்றவை அமிழ்ந்தன. கேட்டவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள்; ஒவ்வோர் உலகத்திலும் மேலே பாய்ந்த பாட்டு ஒன்றேயாக இருக்கவில்லை. மிக நல்ல பாட்டு படுமோசமாகத் தோற்கவில்லை, மிக மோசமானது ஜெயிக்கவும் இல்லை. நடுவில் இருந்தவற்றின் தலைவிதிதான் யாருக்கும் பிடிபடவில்லை.

நேரில் பாடும் கச்சேரியிலாவது மார்ஷலின் வரம்பு நிற்கும் என்று எண்ணலாம். அதுவும் இல்லை. அமெரிக்கக் கச்சேரிகளின் மொத்த வசூலில் உச்சியிலுள்ள நூற்றில் ஒரு பங்குக் கலைஞர்கள் பெற்றது 1982-இல் 26 சதவீதம், 2003-இல் 56 சதவீதம் என்று ஆலன் க்ரூகர் கணக்கிட்டார். ஏற்கனவே கேட்ட குரலை நேரில் ஒருமுறை சரிபார்க்கத்தான் ஜனங்கள் போகிறார்கள். சென்னை மார்கழியில் பிற்பகல் கச்சேரியின் காலி நாற்காலிகளைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கக் கணக்கு தேவையில்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? உச்சியில் இருப்பவனுக்கு இல்லை. பொழுதுபோக்காகப் பாடுகிறவனுக்கும் இல்லை. அவன் என்றைக்கும் பாடுவான். நடுவில் இருந்தவன்தான் காணாமல் போனான். நாற்பது மைல் சுற்றளவுக்குத் தெரிந்தவன், திருவிழாவுக்குத் திருவிழா கூப்பிடப்பட்டவன், அதைக் கொண்டே குடும்பம் நடத்தியவன், இரண்டு பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவன். பெரிய கலைஞன் இந்த நடு வரிசையிலிருந்துதான் வருகிறான். சின்னப் பிசகுகளுடன் பாணிகள் கை மாறுவதும் அந்த வரிசையில்தான். இப்போது அவன் இடத்தில் இருப்பது மெல்லிசைக் குழு. அங்கும் கையால்தான் பிரதி எடுக்கிறார்கள், வாசிக்கிறவர்கள் வித்தை தெரிந்தவர்கள். ஆனால் 'டி.எம்.எஸ். குரலில்', 'எஸ்.பி.பி. குரலில்' என்றுதான் அறிமுகம். தட்டில் இருப்பது போலவே பாடினால் கைதட்டல்; ஒரு சங்கதி மாற்றினால் முணுமுணுப்பு. நாயனாப் பிள்ளையின் சிஷ்யர் அவரைப் போலவே பாடினாரா என்று ஒப்பிட யாரிடமும் ஆதாரம் இருக்கவில்லை. மெல்லிசைக்காரனை ஒப்பிடக் கூட்டத்தில் ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஆதாரம் இருக்கிறது.

மார்ஷலின் கணக்கு இன்னும் செல்லுபடியாகும் ஓரிடம் இந்த ஊரைச் சுற்றி இருக்கிறது. பங்குனிக்குப் பிறகு திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஒரு ஜமா ஓர் இரவில் ஓர் ஊரில்தான் ஆட முடியும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் புகழ் எத்தனை நாடு போயிருந்தாலும், அவர் ஒரே ராத்திரியில் இரண்டு ஊரில் துரியோதனன் ஆகியிருக்க முடியாது. அடுத்த ஊர்க்காரர்கள் அடுத்த ஜமாவைத்தான் தேடியாக வேண்டும். அதனால் நூறு துரியோதனர்கள் வேண்டியிருக்கிறார்கள். காஞ்சிக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபாலும் ஹன்னா தி புருயினும் 1990-இல் நிறுவிய கட்டைக்கூத்துச் சங்கமும் 2002-இல் தொடங்கிய குருகுலமும் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும்கூட, இதைக் கற்றுக்கொடுத்தன. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் அது சின்ன விஷயம் அல்ல. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடிய விடியப் பாடி ஆட வேண்டும். இரவல் குரலுக்கு அங்கே வழியில்லை. இதைச் சொல்லும்போதே, எத்தனை ஊர்க் கமிட்டிகள் பத்து இரவுக் கூத்தை மூன்று இரவாகக் குறைத்து மிச்சப் பணத்தில் மெல்லிசை வைக்கின்றன என்பதையும் சுற்றுவட்டாரத்து நோட்டீஸ்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கூத்தில் சினிமாப் பாட்டு நுழைந்துவிட்டது என்று நம் நண்பர்களில் சிலர் வருத்தப்படுகிறார்கள். நுழைந்தது கட்டியக்காரன் வழியாக. ராஜா வருவதற்குமுன் அவன் எல்லோருக்கும் தெரிந்த ஒரு டி.எம்.எஸ். பாட்டின் மெட்டை எடுக்கிறான். நள்ளிரவு தாண்டிய கரகரத்த தொண்டை, முகவீணையின் சுருதியோ வேறு. இரண்டாவது அடியில் மூலத்தின் வார்த்தைகள் போய், ஏரி மதகைத் திறக்காத தலைவரும், பெண் வீட்டில் மோதிரம் கேட்டுச் சண்டை போட்ட மாப்பிள்ளையும், முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும் கமிட்டிக்காரரும் வந்து உட்காருகிறார்கள். தாளக்காரர் சிரித்துக்கொண்டே காலத்தைக் கூட்டுகிறார். மெட்டு எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளையவில்லை, அதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதுமில்லை. அடுத்த ஊரில், அடுத்த ஜமாவின் கட்டியக்காரன் அதே மெட்டை வேறோர் இடத்தில் உடைக்கிறான்.